வசந்தகால வானொலி நிகழ்ச்சி தொகுப்பது எப்படி: லௌஞ்ச், ஜாஸ், எக்ஸாடிகா

வசந்தம் என்று தலைப்பு வைத்து ஒரு மணி நேர இசை நிகழ்ச்சி செய்யலாம் என்று உட்கார்ந்தால் கை முதலில் தேடல் பெட்டிக்குத்தான் போகும். ஸ்பிரிங், ஏப்ரல், மே என்று தட்டினால் பாட்டுகள் கொத்துக் கொத்தாக வந்து விழும், அதில் இருபதை இழுத்துப் போட்டு நடுவில் நாலு வார்த்தை பேசினால் நிகழ்ச்சி ரெடி என்று தோன்றும். அப்படித் தொகுத்த நிகழ்ச்சிகளை நிறையக் கேட்டிருக்கிறேன், கால் மணி நேரம் தாண்டுவதற்குள் காது அலுத்துப் போகும். ஏனென்றால் 1940, 50களின் அமெரிக்க ஜாஸ் பாட்டுகளில் வசந்தத்தைப் பற்றிப் பேசும் புகழ்பெற்ற பாட்டுகள் பலவும் உண்மையில் சோகப் பாட்டுகள். எக்ஸாடிகாவிலோ வசந்தம் என்ற பருவமே கிடையாது, வருஷம் முழுக்க வெயிலும் மழையும் பறவைச் சத்தமுமாக இருக்கிற கற்பனைத் தீவுகளின் இசை அது. இந்த இரண்டையும் ஒரே மணி நேரத்தில் உட்கார வைத்து, கேட்கிறவருக்குப் பனி உருகி ஜன்னல் திறந்த மாதிரி ஓர் உணர்வு வர வைப்பதுதான் தொகுப்பாளரின் வேலை. வரிசையில்தான் வசந்தம் வரும், தலைப்பில் வராது.

இந்த இசை புதிது என்றால் முதலில் ஒரு வாரம் சும்மா கேளுங்கள். 1951இல் லெஸ் பாக்ஸ்டர் வெளியிட்ட 'ரிச்சுவல் ஆஃப் தி சாவேஜ்' இசைத்தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். அதன் அட்டையில் 'ல சாக்ர து சொவாஜ்' என்று பிரெஞ்சிலும் ஒரு பெயர் இருக்கும். அது ஸ்ட்ராவின்ஸ்கியின் 1913ஆம் வருஷத்து பாலே 'ல சாக்ர து பிரான்தாம்', அதாவது வசந்தச் சடங்கு என்ற தலைப்பின் எதிரொலி. ஆக, பருவமே இல்லாத எக்ஸாடிகாவின் தொடக்கத்திலேயே வசந்தம் ஒளிந்திருக்கிறது. நிகழ்ச்சியில் நீங்கள் பேசுவதற்கு இதைவிட நல்ல தகவல் கிடைக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இசைத்தட்டில் இருந்த 'க்வயட் வில்லேஜ்' என்ற மெட்டை எடுத்து வேறு உயிர் கொடுத்தவர் மார்ட்டின் டென்னி. ஹொனலூலுவில் ஹவாயன் வில்லேஜ் ஹோட்டலின் ஷெல் பார் என்ற திறந்தவெளி இடத்தில் அவருடைய சிறு குழு வாசித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குளம். குழு வாசித்தால் தவளைகள் கத்தும், நிறுத்தினால் அவையும் நிறுத்திவிடும். இதைக் கவனித்த குழுவினர் விளையாட்டாகப் பறவை மாதிரி குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள், அடுத்த நாள் ஒருவர் வந்து அந்தப் பறவையும் தவளையும் வரும் பாட்டை வாசியுங்கள் என்று கேட்க, அதுவே அவர்களின் முத்திரை ஆகிவிட்டது. பறவைக் குரல்களில் பெயர் வாங்கியவர் ஆகி கோலோன் என்ற தாளவாத்தியக்காரர். 1957இல் வந்த 'எக்ஸாடிகா' இசைத்தட்டு 1959இல் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது, ஹவாய் அமெரிக்காவின் மாநிலமானதும் அதே வருஷம்தான்.

லௌஞ்ச் என்பதை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஹோட்டல் கூடத்திலும் வீட்டு வரவேற்பறையிலும் ஓடுவதற்கென்றே செய்த, ஆனால் கவனித்துக் கேட்டால் உள்ளே ஏகப்பட்ட வேலைப்பாடு இருக்கிற இசை. மெக்சிகோவின் எஸ்கிவெல்லைக் கேட்டால் புரிந்துவிடும். 1962இல் வந்த அவருடைய 'லேட்டின்-எஸ்க்' இசைத்தட்டுக்காக வாத்தியக் குழுவை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி ஸ்டூடியோக்களில் உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள், இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் சத்தம் கலக்கவே கூடாது என்பதற்காக.

பாட்டுப் பொறுக்கும்போது

ஒரு மணி நேரத்துக்குப் பதினாறு அல்லது பதினேழு பாட்டு போதும். அந்தக் காலத்துப் பாட்டுகள் பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஜாஸ் பதிவுகள் மட்டும் ஐந்து, ஆறு என்று போகும். பொறுக்கும்போது மூன்று கூடை வைத்துக்கொள்ளுங்கள்: ஏங்குகிற பாட்டு, வாடுகிற பாட்டு, துள்ளுகிற பாட்டு. எக்ஸாடிகாவை எந்தக் கூடையிலும் போடாமல் தனியாக வையுங்கள், அதுதான் மூன்றையும் ஒட்டும் பசை.

ஏங்குகிற பாட்டுக்கு நான் முதலில் எடுப்பது 'இட் மைட் ஆஸ் வெல் பி ஸ்பிரிங்'. 1945இல் 'ஸ்டேட் ஃபேர்' படத்துக்காக ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் செய்து ஆஸ்கர் வாங்கிய பாட்டு. அதில் வசந்தம் இன்னும் வரவே இல்லை, ஆனாலும் மனசு நிலைகொள்ளாமல் தவிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். வசந்த நிகழ்ச்சியை வசந்தம் வராத பாட்டில் தொடங்குவது கேட்பவரைச் சட்டென்று உள்ளே இழுக்கும். நிறையப் பேர் பாடியிருக்கிறார்கள், நான் சாக்ஸபோன்காரர் ஸ்டான் கெட்ஸோடு ஆஸ்ட்ரூட் ஜில்பெர்டோ 1964இல் பாடிய போஸா நோவா (பிரேசிலின் மென்மையான இசைப்பாணி) வடிவத்தைத்தான் சொல்வேன், அந்தக் குரலில் அலட்டலே கிடையாது. அதை அடுத்து பிளாசம் டியரி பாடிய 'தே சே இட்ஸ் ஸ்பிரிங்'. மெல்லிய, சின்னப்பிள்ளைக் குரல், பியானோவும் அவரே.

வாடுகிற பாட்டுகளில் கவனம் வேண்டும், ஏனென்றால் எல்லாமே அழகாக இருக்கும், எல்லாவற்றையும் போடத் தோன்றும். ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் 1938இல் எழுதிய 'ஸ்பிரிங் இஸ் ஹியர்' வசந்தம் வந்தும் என் மனம் ஏன் ஆடவில்லை என்று கேட்கிறது. அதை பில் எவன்ஸ் 1959இல் பியானோவில் வாசித்தது வார்த்தையே இல்லாமல் அதைச் சொல்லிவிடும். இன்னொன்று 'ஸ்பிரிங் கேன் ரியலி ஹேங் யூ அப் த மோஸ்ட்'. செயின்ட் லூயிஸ் நகரத்தின் ஃபிரான் லேண்ட்ஸ்மன், ஏப்ரல்தான் கொடூரமான மாதம் என்ற கவிஞர் டி.எஸ். எலியட்டின் வரியை ஜாஸ்காரர்கள் பேசும் பேச்சில் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதியது, மெட்டு டாமி வுல்ஃப். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1961இல் பாடிய பதிவு கட்டாயம் வேண்டும். இந்த வகையில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் நிகழ்ச்சி எழுந்திருக்காது.

துள்ளுகிற பாட்டுகளில் எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு, கிளிஃபோர்ட் பிரவுனின் 'ஜாய் ஸ்பிரிங்'. 1954இல் பதிவானது, மனைவிக்கு அவர் வைத்த செல்லப் பெயர்தான் தலைப்பு. முதல் எட்டு பார் (தாளச் சுற்று) எஃப் சுருதியில் போகும், அடுத்த எட்டு பாருக்கு அதே மெட்டு அரை ஸ்தானம் மேலே ஏறும், நடுப்பகுதி அதற்கும் அரை ஸ்தானம் மேலே போய், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வீட்டுக்குத் திரும்பும். சுருதி, ஸ்வரம் என்று எதுவும் தெரியாதவர்கூட ஏதோ படிப்படியாகத் திறக்கிறது என்பதை உணர்ந்துவிடுவார். சோகப் பாட்டுக்கு அடுத்து இதை வைத்துப் பாருங்கள், நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். ஃபிரெடி ஹப்பர்டின் 'அப் ஜம்ப்ட் ஸ்பிரிங்' வால்ட்ஸ் தாளத்தில் வரும், மூன்று மூன்றாக எண்ணும் தாளம் நாலுக்கு நாலாகவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரத்தில் நல்ல மாறுதல். பெரேஸ் பிராடோவின் 'செர்ரி பிங்க் அண்ட் ஆப்பிள் பிளாசம் ஒயிட்' 1955இல் பத்து வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது, பிரெஞ்சு மெட்டு, க்யூபாக்காரர் கையில் சா-சா-சா ஆகிவிட்டது, அந்த டிரம்பெட் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும் இடத்தில் சிரிக்காதவர்கள் குறைவு.

ஒரு பாட்டை மட்டும் பருவம் பார்த்துப் போட வேண்டும். பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமின் 'அகுவாஸ் ஜி மார்சோ' 1972இல் வந்தது, மார்ச் மாதத்து மழைநீர் பற்றிய பாட்டு. ரியோவில் மார்ச் என்பது கோடையின் கடைசி, பெருமழைக் காலம். ஜோபிமே ஆங்கிலத்தில் எழுதியபோது அதைப் பனி உருகும் வடநாட்டு வசந்தத்துக்கு மாற்றிக்கொண்டார். நான் எலிஸ் ரெஜினாவும் ஜோபிமும் 1974இல் சேர்ந்து பாடிய போர்ச்சுகீசிய வடிவத்தையே போடுவேன், இந்தக் கதையை முன்னால் சொல்லிவிட்டு. ஒரே தண்ணீர் ஓர் ஊரில் கோடையை முடிக்கிறது, இன்னோர் ஊரில் குளிர்காலத்தை முடிக்கிறது என்று கேட்டபிறகு பாட்டு வேறு மாதிரி காதில் விழும்.

வரிசை

முதல் பத்து நிமிடம் ஏக்கம். அதற்குப் பிறகு காடு, அதாவது எக்ஸாடிகா: டென்னி, ஆர்தர் லைமன், யீமா சூமாக். அப்புறம் வாட்டம், கடைசி இருபது நிமிடம் திறப்பு, துள்ளுகிற பாட்டுகள். காட்டை ஏன் ஏக்கத்துக்கும் வாட்டத்துக்கும் நடுவில் வைக்கிறேன் என்றால், நேராக ஏக்கத்திலிருந்து சோகத்துக்குப் போனால் கேட்பவர் களைத்துவிடுவார், இடையில் எங்கோ தூரமாகப் போய்விட்டு வந்தால் அதே சோகம் புதிதாகத் தெரியும்.

'க்வயட் வில்லேஜ்' போடும்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். டென்னியின் 'எக்ஸாடிகா'வுக்கு இரண்டு பதிவு இருக்கிறது, 1957இல் வந்த மோனோ, பிறகு அதில் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) வாசித்த லைமன் டென்னியின் குழுவை விட்டுப் போனதும் அவர் இடத்தில் ஜூலியஸ் வெக்டரை வைத்து 1958இல் புதிதாக வாசித்த ஸ்டீரியோ. ஸ்டீரியோதான் பளபளப்பாக இருக்கும். எனக்கு மோனோதான் பிடிக்கும், அதில் அந்தக் குழு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசித்த நெருக்கம் இருக்கிறது. எதைப் போட்டாலும் சரி, தொடக்கத்தில் தாழ்ந்த ஸ்வரத்தில் திரும்பத் திரும்ப வரும் அந்த நடைமேல் பேசாதீர்கள். தவளையும் பறவையும் ஒவ்வொன்றாக உள்ளே வரும் இடம் அது, அதன்மேல் உங்கள் குரல் விழுந்தால் பாட்டில் பாதி போய்விட்டது.

லைமனின் 1958ஆம் வருஷத்து 'டபூ' ஹொனலூலுவில் தொழிலதிபர் ஹென்றி கைசர் கட்டிய அலுமினியக் குவிமாடத்துக்குள் நடுராத்திரிக்கு மேல் பதிவானது, பகலில் வாகன இரைச்சல் அதிகம் என்பதால். அந்த மாடத்தின் எதிரொலி நீளமானது, வைப்ரஃபோனின் ஒவ்வொரு ஸ்வரமும் தொங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கடைசி ஸ்வரம் முழுக்க அடங்கும்வரை காத்திருங்கள். அடுத்த பாட்டை அவசரப்பட்டு ஏற்றினால் இரண்டு அறைகள் ஒன்றின்மேல் ஒன்று மோதிக்கொண்ட மாதிரி கேட்கும். காட்டிலிருந்து ஜாஸுக்குத் திரும்ப வைப்ரஃபோனே நல்ல பாலம். லைமன் சிறுவனாக இருந்தபோது பென்னி குட்மன் இசைத்தட்டுகளைப் போட்டு அதில் வைப்ரஃபோன் வாசித்த லயனல் ஹாம்ப்டனோடு கூடவே வாசித்துப் பழகியவர், அவரை அடுத்து மில்ட் ஜாக்சனோ ஜார்ஜ் ஷியரிங் குழுவோ வந்தால் தையல் தெரியாது. யீமா சூமாக்கின் 'சூஞ்சோ' வேறு விஷயம், அந்தப் பெருவியப் பாடகி பறவையையும் மிருகத்தையும் தன் தொண்டையிலேயே வரவழைப்பார், அதற்குப் பின்னால் குரல் பாட்டு எதையும் உடனே வைக்காதீர்கள், ஒரு பியானோ பதிவு போடுங்கள்.

முடிவுக்கு கவுண்ட் பேஸியின் 1955ஆம் வருஷத்து 'ஏப்ரல் இன் பாரிஸ்'. பாட்டு முடிந்துவிடும், பேஸி இன்னொரு தடவை என்பார், முழுக் குழுவும் திரும்ப எழும், முடியும், மறுபடி இன்னொரு தடவை. மென்பொருளில் தானியங்கி கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு அடங்கும்போதே அடுத்ததை ஏற்றும் வசதி) போட்டிருந்தால் முதல் முடிவிலேயே வெட்டிவிட வாய்ப்பு இருக்கிறது, இந்தப் பாட்டுக்கு மட்டுமாவது அதை அணைத்துவிடுங்கள். இதற்குப் பிறகு நீங்கள் எதுவும் பேச வேண்டாம், விடைபெறுவதெல்லாம் பாட்டுக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு

மூன்று அல்லது நான்கு பாட்டுக்கு ஒரு தடவை, ஒரு நிமிடத்துக்குள். ஓடி முடிந்த பாட்டுகளின் பெயர், வாசித்தவர், வருஷம், அதோடு ஒரே ஒரு கதை. மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, எதிரில் ஒருவர் இருப்பதாக நினைத்துப் பேசுங்கள். துணிமணி நிறைந்த சின்ன அறை எதிரொலியை விழுங்கிக்கொள்ளும். பேச்சுக்கு அடியில் இசை ஓட விடுவதென்றால் குரலைவிட 15 முதல் 20 டெசிபல் கீழே இருக்கட்டும், பாட்டு இல்லாத வாத்திய இசையாக இருக்கட்டும்.

எக்ஸாடிகாவைப் பற்றிப் பேசும்போது நேர்மையாகப் பேச வேண்டும். அட்டைப் படங்களிலும் தலைப்புகளிலும் பசிபிக்கையும் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் ஏதோ ஒரே காடு மாதிரிக் காட்டியது அந்த வியாபாரம். நம் ஆட்களுக்கு இதில் நேரடியான ஒரு கதை இருக்கிறது. 1949இல் லாஸ் ஏஞ்சல்ஸ் தொலைக்காட்சியில் கோர்லா பண்டிட் என்பவர் கல் பதித்த தலைப்பாகையோடு ஆர்கன் வாசிக்க ஆரம்பித்தார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார், டெல்லியில் பிறந்தவர் என்று சொன்னார்கள். அவருடைய உண்மைப் பெயர் ஜான் ரோலண்ட் ரெட், செயின்ட் லூயிஸில் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கர். கறுப்பர்களுக்கு மூடிக் கிடந்த கதவுகளைத் தாண்டத்தான் அந்தத் தலைப்பாகை. 1998இல் அவர் இறந்து சில வருஷம் கழித்து 2001இல்தான் வெளியே தெரிந்தது. இதைச் சொல்லிவிட்டு அவர் வாசித்த ஒரு பாட்டைப் போடுங்கள். அனுதாபத்துக்காக என்று இல்லை, அவர் நன்றாகவே வாசித்தார்.

ஒலி

ஆடாசிட்டி ஒலி திருத்தும் இலவச மென்பொருள், இதற்குத் தாராளம். பழைய மோனோ இசைத்தட்டை ஸ்டீரியோ ஊசியில் பதிவு செய்தால் இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து மோனோ ஆக்கிவிடுங்கள், கீறலும் இரைச்சலும் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். இரைச்சல் நீக்கும் வசதியை ரொம்ப இழுக்காதீர்கள், சிம்பல் தட்டும் ஓசை தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். 1955இல் கார்மெல் நகரில் எரல் கார்னர் வாசித்த கச்சேரிப் பதிவு சுமாரான தரத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதன் தொடக்கத்தில் வரும் 'ஐ'ல் ரிமெம்பர் ஏப்ரல்' பாட்டின் துடிப்பு வேறு எதிலும் கிடைக்காது. அதைச் சுத்தம் செய்யாமல் அப்படியே போடுங்கள்.

எல்லாப் பாட்டையும் ஒரே உச்ச அளவுக்கு ஏற்றிவிட்டால் சத்தம் சமமாகிவிடாது, காதுக்குக் கேட்கும் சத்தம் வேறு. ஆடாசிட்டியில் லௌட்னஸ் நார்மலைசேஷன் என்ற வசதி இருக்கிறது, இணையத்தில் போடும் நிகழ்ச்சிக்கு -16 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) பொருத்தம். அதற்குப் பிறகும் காதால் ஒரு தடவை சரிபாருங்கள், பிளாசம் டியரியும் பேஸியின் முழுக் குழுவும் ஒரே சத்தத்தில் கேட்டால் இருவருக்குமே அநியாயம். ஹெட்ஃபோனில் ஒரு தடவை, போனின் சின்ன ஸ்பீக்கரில் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

உரிமை

பழைய பாட்டுதானே என்று எடுத்துப் போட்டுவிட முடியாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷத்துக்குப் பிறகு 60 வருஷம் உரிமை, ஆக 1957இல் வெளியான பதிவு 2018 ஜனவரி 1 முதல் இங்கே பொதுவுடைமை. ஆனால் மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமை தனி, எழுதியவர் இறந்த பிறகு 60 வருஷம். லெஸ் பாக்ஸ்டர் 1996இல்தான் இறந்தார், ஆக 'க்வயட் வில்லேஜ்' மெட்டுக்கு உரிமை இன்னும் இருக்கிறது. அமெரிக்காவில் கணக்கே வேறு, 1947 முதல் 1956 வரை வெளியான பதிவுகளுக்கு 110 வருஷம். அதனால் சொந்தத் தளத்தில் ஏற்றுவதைவிட, உரிமைத் தொகையைத் தானே கட்டும் மிக்ஸ்கிளவுட் மாதிரி இணையத் தளத்தில் போடுவதோ, உரிமம் வாங்கிய சமூக வானொலியில் நேரம் கேட்பதோ நல்லது. அமெரிக்க இணைய வானொலி விதிப்படி மூன்று மணி நேரத்துக்குள் ஒரே இசைத்தட்டிலிருந்து மூன்று பாட்டுக்கு மேலோ ஒரே கலைஞருடையது நான்குக்கு மேலோ போகக் கூடாது, பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே வெளியிடவும் கூடாது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நான் இதைத்தான் பின்பற்றுவேன், நிகழ்ச்சி ஒரே ஆளின் புராணமாகாமல் காப்பாற்றும்.

ஒலிபரப்பு முடிந்ததும் பட்டியலைப் போட்டுவிடுங்கள். பாட்டின் பெயர், பாடியவர் என்று மட்டும் நிறுத்தாமல் எழுதியவர், பதிவான வருஷம், தெரிந்தவரை வாசித்தவர்கள் பெயர் எல்லாம் வர வேண்டும். 'க்வயட் வில்லேஜ்' என்ற வரியில் டென்னிக்கும் பாக்ஸ்டருக்கும் பக்கத்தில் ஆகி கோலோன் பெயரும் இருக்கட்டும், கேட்டவர்களில் பாதிப் பேர் பறவைக் குரல் யாருடையது என்றுதான் எழுதிக் கேட்பார்கள்.